வெளிவீதி சுற்றிய பிறகு மலை ஏறுங்கள்

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, மலைக்கோட்டை இடிபாடுகளைப் பார்க்க அடுத்த நடைப்பயணத்துக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளே, வணக்கம்.

நாங்கள் மலை இல்லாத மண்ணில் பிறந்தவர்கள். எங்களுக்குத் தெரிந்த கோட்டை, பின்னேரத்தில் மதிலில் ஏறிக் காற்று வாங்குகிற யாழ்ப்பாணக் கோட்டைதான். போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்துப் பிறகு ஐந்து முனைக் கோட்டையாக மாற்றியது. தட்டையான நிலத்தில் இயற்கை ஒரு பக்கமும் காவல் தராது. அதனால் அகழி, சரிவு, மதில், கொத்தளம் எல்லாவற்றையும் மனிதன்தான் செய்யவேண்டும். மலைக்கோட்டையில் கணக்கு வேறு. பாதி வேலையைப் பாறை செய்துவிடும். பாறை எங்கே கைவிடுகிறதோ அங்கே மட்டும் மனிதன் கைவைப்பான். ஆகவே காட்டுக்குள் எந்த இடிபாட்டின் முன் நின்றாலும் முதலில் இதைக் கேளுங்கள்: இந்த இடத்தில் பாறை விட்ட குறை என்ன, அதை எதனால் அடைத்தார்கள்?

இந்தக் கேள்விக்கு உச்சியில் விடை கிடைக்காது. கோயிலுக்குப் போனால் வெளிவீதி சுற்றி, பிறகு உள்வீதி, அதன் பிறகுதானே மூலஸ்தானம்? மலைக்கும் அதே முறைதான். அநேகம் பேர் வாகனத்தால் இறங்கியதும் படியில் ஓடி ஏறுகிறார்கள். உச்சியில் படம் எடுத்துக் களைத்து இறங்கும்போது அடிவாரத்தைப் பார்க்கக் காலில் பலம் இருப்பதில்லை. கோட்டையின் பெரும்பகுதி அந்த அடிவாரத்தில்தான் கிடக்கிறது.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், எல்லோரும் ஓடிப்போகும் சிகிரியா மலைக்கோட்டைக்கு முன் யாப்பகூவாவுக்குப் போங்கள் என்பேன். கொழும்புக்குப் போகும் எங்கள் புகையிரதப் பாதை மாகோ சந்தியைக் கடந்துதான் போகிறது. அங்கே இறங்கினால் ஏறத்தாழ 5 கிலோமீற்றர், ஓட்டோவில் போய்விடலாம். நீங்கள் ஏறும் வண்டி மாகோவில் நிற்குமா என்று சீட்டு எடுக்கும்போதே கேளுங்கள். சமவெளியில் தனியாக ஏறத்தாழ 90 மீற்றர் எழும் பாறை அது. 1272 முதல் 1284 வரை ஆண்ட முதலாம் புவனேகபாகுவின் தலைநகரம் அங்கேதான் இருந்தது. புத்தரின் புனிதப் பல்லான தந்ததாதுவையும் அங்கேதான் வைத்திருந்தார்கள். அவன் இறந்த பிறகு பாண்டியப் படையோடு வந்து அந்தத் தாதுவைக் கொண்டுபோனவனைச் சூளவம்சம் என்ற பழைய பாளி வரலாற்று நூல் ஆரியச்சக்கரவர்த்தி என்கிறது. நல்லூரிலிருந்து ஆண்ட எங்கள் அரசர்கள் கொண்ட பட்டமும் அதுவே. எங்கள் பிள்ளைகள் அந்தப் பாறையை நேரில் பார்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அங்கே போனதும் தெற்கடியில் நில்லுங்கள். செங்குத்தான பாறை முதுகுப்பக்கத்தைக் காக்கிறது. திறந்து கிடக்கும் முன்பக்கத்தில் மதிலும் அகழியும் அடுத்தடுத்து வளைந்து வந்து பாறையோடு முட்டுகின்றன. அந்த முட்டும் இடம்வரை நடந்து பாருங்கள். பாறை முடிந்து மனித வேலை தொடங்கும் பொருத்து அங்கே தெரியும். அதன் பிறகு படிக்கட்டு. அது மூன்று கட்டமாக ஏறுகிறது. மேற்கட்டத்தில் சிங்கங்கள் இருக்கின்றன, முன்பு வழங்கிய 10 ரூபாய்த் தாளில் அச்சான சிங்கம் இதுதான். படிகள் மிகச் செங்குத்து, பாதம் முழுவதும் பதியாது. ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும், இறங்கும்போதுதான் விழுவார்கள். உடல் பாரம் முன்னால் சரியக் குதி படியின் விளிம்பில் நிற்பதுதான் காரணம். பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, ஒரு கையை வெறுமையாக விட்டு இறங்குங்கள். கைத்தொலைபேசி பைக்குள் இருக்கட்டும்.

மதிலுக்கு அடுத்தபடி தண்ணீரைத் தேடுங்கள். கிணற்றை நம்பி வாழும் எங்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். தண்ணீர் இல்லாத மலை முற்றுகையில் சில நாளும் தாங்காது. சிகிரியா உச்சியில் பாறையைக் குடைந்த தடாகம் ஏறத்தாழ 27 மீற்றர் நீளம், 21 மீற்றர் அகலம். கீழே நீர்த்தோட்டத்தில் துளையிட்ட கல்லுக்குள்ளால் வரும் ஊற்றுகள் இன்றும் மாரியில் நீர் பீச்சுகின்றன. மேலிருந்து கீழே வரும் நீரின் அழுத்தம் மட்டுமே அவற்றை இயக்குகிறது.

ரிட்டிகல கோட்டை அல்ல, காட்டுத் துறவிகளின் மடம். ஆனாலும் நீரைப் படிக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஏ9 வீதியில் மரதன்கடவலையில் திரும்பி ஹபரணைப் பக்கம் போகவேண்டும். மலை 766 மீற்றர். நுழைந்ததும் வரும் பண்டா பொக்குண என்ற குளத்தின் சுற்றளவு ஏறத்தாழ 366 மீற்றர், பல கோணங்களாகக் கல் அடுக்கிய கரை. பெரும்பாலும் வற்றிக் கிடப்பதால் வெறும் பள்ளம் என்று கடந்துவிடுகிறார்கள். நீர் வந்த வழி எது, போன வழி எது என்று கண்டுபிடித்த பிறகு அப்பால் போங்கள். மேலே கற்பாவிய பாதையும், கற்பாலத்தால் இணைந்த இரட்டை மேடைகளும் வரும். இந்த மடத்தில் அலங்காரம் கிடையாது. அழகாகச் செதுக்கிய ஒரே பொருள் சிறுநீர் கழிக்கும் கல். ஆடம்பரத்தைத் துறவிகள் எந்த இடத்தில் வைத்தார்கள் என்பதை அது காட்டுகிறது என்று சொல்வார்கள், எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. உச்சி கடுமையான இயற்கை ஒதுக்ககத்துக்குள் இருக்கிறது, அனுமதி இல்லாமல் அங்கே ஏறக்கூடாது.

கல்லில் கவனிக்க வேண்டியவை சிறியவை. வாசற்படியில் வட்டக் குழி இருந்தால் அது கதவுக் குடுமி சுழன்ற இடம். குழி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் கதவு எந்தப் பக்கம் திறந்தது என்று தெரியும். வெறும் பாறையில் படிபோல வரிசையாக வெட்டிய தடங்கள் செங்கற் சுவர் வழுக்காமல் உட்கார வெட்டியவை. செங்கல் போய்விட்டது, தடம் நிற்கிறது. குகையின் நெற்றியில் நீளமாகச் செதுக்கிய விளிம்பு, மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டுவதற்கு. பிராமி என்ற பழைய எழுத்து இருந்தால் அதன் கீழேதான் இருக்கும். எழுத்து மங்கலாக இருந்தால் சுண்ணக்கட்டி பூசவேண்டாம், தண்ணீர் ஊற்றவேண்டாம். ரோர்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழும்பும். செங்கல் துண்டைக்கூட நினைவுக்கென்று எடுக்காதீர்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதைவிட, இடம் மாறிய கல் பிறகு எதையும் சொல்லாது.

இனி உடம்புக் கணக்கு. ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி இது: 5 கிலோமீற்றருக்கு 1 மணி நேரம், 600 மீற்றர் ஏற்றத்துக்கு மேலும் 1 மணி நேரம். எங்கள் வெயிலுக்கும், நின்று பார்ப்பதற்கும் அதை இரட்டியுங்கள். 6 கிலோமீற்றர் நடையும் 300 மீற்றர் ஏற்றமும் என்றால் விதிப்படி 1 மணி 42 நிமிடம், எங்களுக்கு ஏறத்தாழ மூன்றரை மணி. தண்ணீர் மணிக்கு முக்கால் லீற்றர், நான்கு மணி நேரத்துக்கு 3 லீற்றர். அதில் மூன்றில் ஒரு பங்கு ஏற்றத்துக்கு, ஒரு பங்கு இறக்கத்துக்கு, ஒரு பங்கு தொடாமல். ஜீவனி என்ற உப்புச்சர்க்கரைக் கரைசல் பைக்கற்றை முழு ஒரு லீற்றர் தண்ணீரில் கரையுங்கள். அரைப் போத்தலில் கரைத்தால் உப்புக் கூடிக் கெடுதல் செய்யும். ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பின்னேரம் இடி வரும். மதியத்துக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடுங்கள்.

ஆளைக் கொல்லக்கூடியது பாறையில் கூடு வைக்கும் பெருந்தேனீ. சிகிரியாவில் அவை கலைந்து பலருக்குக் கொட்டியிருக்கின்றன. கூச்சல், புகை, வாசனைத் தைலம் மூன்றையும் கீழேயே விட்டு வாருங்கள். கொட்டினால் அங்கே நின்று கையால் அடிக்கக்கூடாது. கொடுக்கிலிருந்து வரும் மணம் மற்றத் தேனீக்களையும் அழைக்கும். முகத்தை மூடிக்கொண்டு கூட்டத்தை விட்டு விலகுங்கள். ஓடக்கூடாத ஒரே இடம் படிக்கட்டு, அங்கே குனிந்து கைப்பிடியைப் பிடித்தபடி இறங்குங்கள். நின்றதும் கொடுக்கை நகத்தால் உடனே வழித்து எடுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ, பத்துக்கு மேல் கொட்டியிருந்தாலோ நேரே ஆசுபத்திரி. பாம்பு கடித்தால் கீறவும் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். புடையன் சருகு நிறத்தில் கிடக்கும், ஆகவே இடிந்த சுவரில் கை வைக்குமுன் தடியால் தட்டுங்கள்.

ஹபரணைப் பக்கம் யானை நடமாடும் காடு. பின்னேரம் 4 மணிக்கு முன் தார் வீதிக்கு வந்துவிடுங்கள். வண்டியில் ஏறுமுன் காற்சட்டை மடிப்பு, முழங்காற் பின்புறம், இடுப்புப் பட்டியின் உட்புறம் மூன்றையும் ஒருவருக்கொருவர் பார்த்து உண்ணி இருந்தால் எடுங்கள். தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும், முறுக்கினால் தலை உள்ளே நின்றுவிடும்.