உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும்: ஆச்சி வீட்டுக் கைப்பக்குவம்

வணக்கம் மக்களே. இன்றைக்கு வெளியே எங்கேயும் போகவில்லை, நம் வீட்டு அடுப்படிதான். பின்னால் மின்விசிறிச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், அதை நிறுத்திவிட்டு இந்தச் சென்னை வெக்கையில் அடுப்புப் பக்கத்தில் நின்று பேச என்னால் ஆகாது. போன வாரம் உளுந்தஞ்சோறு சாப்பிடுகிற படத்தைப் போட்டாலும் போட்டேன், பாதிப் பேர் "அதென்ன கறுப்பாக ஒரு பொங்கல்?" என்று கேட்கிறார்கள், மீதிப் பேர், அதாவது தூத்துக்குடி, திருநெல்வேலிக்காரர்கள், "எள்ளுத் துவையல் எங்கே தம்பி?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்கள். அதனால் இரண்டையும் இன்றைக்குச் சேர்த்தே செய்துவிடலாம்.

செய்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சோற்றைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் "பெண்பிள்ளைகளுக்கு நல்லது, இடுப்புக்குப் பலம்" என்று தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். பலம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, வீட்டில் ஆணும் பெண்ணும் பெரியவரும் சின்னவரும் சட்டியைச் சுரண்டிச் சாப்பிட்ட சோற்றை மருந்துச் சீட்டில் எழுதுகிற சாமான் ஆக்கிவிட்டார்களே என்று எனக்கு ஒரு ஆற்றாமை. ருசிக்காகச் சாப்பிடுங்கள். பலம் தானாக வரட்டும்.

சரி, சாமான்களைக் காட்டுகிறேன். புழுங்கலரிசி 2 டம்ளர். எங்கள் பக்கம் அம்பை 16 என்கிற குட்டையான தடித்த அரிசியில் செய்வார்கள், இங்கே கிடைத்தால் அது, இல்லாவிட்டால் வீட்டில் சோறு வடிக்கிற எந்த அரிசியும் சரிதான், பாசுமதி மட்டும் வேண்டாம், அது உதிரி உதிரியாக நின்று இந்தச் சோற்றின் குணத்தையே கெடுத்துவிடும். தொலி உளுந்து 1 டம்ளர். தொலி உளுந்து என்றால் தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து. இட்லிக்குப் போடுகிற வெள்ளை உளுந்தை இதில் போடாதீர்கள். மற்ற எதில் வேண்டுமானாலும் உங்கள் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளுங்கள், இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏனென்றால் வறுக்கும்போது வருகிற அந்த வாசனையும் வாயில் லேசாக நறநறக்கிற அந்தப் பதமும் தோலில்தான் இருக்கிறது. அப்புறம் பூண்டு இருபது பல், வெந்தயம் 1 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, தேங்காய் அரை மூடி துருவியது, உப்பு. அவ்வளவுதான். தாளிப்பு கிடையாது, வெங்காயம் கிடையாது.

அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன். வெறும் வாணலியில் உளுந்தைப் போட்டு மிதமான தீயில் வறுக்கிறேன். இதற்கு நேரம் ஆகும், அதுவரை பேசலாம்.

எங்கள் ஆச்சி ஊர் ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. அங்கே வாய்க்கால், மதகு எதுவும் கிடையாது, புரட்டாசி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம், பருத்தி என்று விதைப்பார்கள். உளுந்துக்கு எழுபது நாள், கூடக்குறைய. தை மாதம் நாங்கள் பொங்கலுக்குப் போகும்போது செடியைப் பிடுங்கிக் காயப்போட்டிருப்பார்கள். பல ஊர்களில் தார் ரோட்டிலேயே பரப்பி வைத்துவிடுவார்கள், பஸ்ஸும் லாரியும் ஏறிப்போய்க் கதிரடித்துக் கொடுத்துவிடும். டிரைவர்கள் திட்டிக்கொண்டேதான் போவார்கள். அந்தத் தூசி உடம்பில் பட்டால் என்ன அரிப்பு தெரியுமா, சாயங்காலம் குளிக்காமல் எங்களை வீட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள்.

உடைப்பது திருகையில். கீழ்க்கல் அசையாது, மேல்கல்லில் ஒரு குழி, ஒரு மரக்குச்சிப் பிடி. ஆச்சி ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, இடது கையால் குழியில் பிடி உளுந்தைப் போட்டு வலது கையால் சுற்றுவாள். சுற்றுகிற கையின் வளையல் கல்லில் படாமல் முழங்கைப் பக்கம் மேலே தள்ளிவிட்டிருப்பாள். ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பருப்பு கொட்டும். முறத்தில் புடைத்தால் பருப்பு ஒரு பக்கம், குறுணை ஒரு பக்கம், தூசி மாட்டுக்கு. குறுணையை வீணாக்க மாட்டார்கள், அதை மாவாக்கிக் களி கிண்டுவார்கள். களி கதை வருகிறது, இருங்கள்.

இப்போது கடையில் நாம் வாங்குகிற உளுந்து எங்கெங்கிருந்தோ வருகிறது. தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தை விதைத்துவிடுவார்கள், நெல்லை அறுத்தபின் மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்திலும் பனியிலுமே அது விளைந்துவிடும், அழகான விவசாயம் அது. பர்மாவிலிருந்தும் கப்பல் கப்பலாக வருகிறது. நான் இதில் பெருமை பேச வரவில்லை, எந்த ஊர் உளுந்தாக இருந்தாலும் புதுசாக இருந்தால் ருசிதான். ஆனாலும் ஊரிலிருந்து சித்தி கொடுத்தனுப்புகிற பை வந்தால் வீட்டில் ஒரு தெம்பு. 2023 டிசம்பரில் அது வரவில்லை. ஞாபகம் இருக்கிறதா, டிசம்பர் 17, 18, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அந்தப் பக்கம் ஒரு வருஷத்துக்குப் பெய்கிற மழையைவிட அது அதிகம். ஏரல், ஸ்ரீவைகுண்டம் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. செய்தியில் ஆறும் வீடும் காட்டினார்கள், கரிசல் காட்டை அவ்வளவாக யாரும் காட்டவில்லை. காய் பிடித்து நின்ற உளுந்து நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தால் என்ன ஆகும், செடியிலேயே முளைத்துவிடும், இல்லையென்றால் அழுகிவிடும். சித்தியைப் போனில் கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்றால், "வீட்டுக்குள்ள தண்ணி வரலய்யா, ஆனா இந்த வருசம் உனக்கு உளுந்து கிடையாது" என்றாள். அவளுக்கு இருந்த நஷ்டத்தில் எனக்கு அனுப்ப வேண்டிய உளுந்தைப் பற்றிக் கவலைப்பட்டாள் பாருங்கள்.

ம்ம், வாசனை வந்துவிட்டது. கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். தோல் கறுப்பாக இருப்பதால் நிறத்தை வைத்துத் தோலில் எதுவும் கண்டுபிடிக்க முடியாது, உள்பக்க வெள்ளையைப் பாருங்கள், அது லேசாகப் பொன்னிறம் ஆகியிருக்கிறது, அதுதான் கணக்கு. இந்த வறுவலைத் தவிர்த்துவிட்டால் சோறு கொழகொழவென்று ஆகிவிடும். உளுந்துக்கு இயல்பாகவே வழுவழுப்பு உண்டு, அதனால்தான் இட்லி மாவு பொங்குகிறது, இங்கே அது வேண்டாம்.

வறுத்ததைக் கழுவி, கழுவிய அரிசியோடு குக்கரில் போடுகிறேன். பூண்டு முழுசாக, வெந்தயம், சீரகம், தேங்காய்த் துருவல், உப்பு. தண்ணீர் 9 டம்ளர், அதாவது அரிசியும் உளுந்தும் சேர்ந்த அளவுக்கு மூன்று மடங்கு. குழைவாக வேண்டுமென்றால் இன்னொரு டம்ளர். மூடி போட்டு நான்கு விசில். ஆச்சி வெண்கலப் பானையில் விறகடுப்பில் செய்வாள், பாதி வெந்ததும் நெருப்புக் கங்கு மட்டும் விட்டுவிட்டு விறகை இழுத்துவிடுவாள், மூடி மேலேயும் கொஞ்சம் கங்கு. அந்த அடிப்பிடித்த பொருக்குக்கு எங்களுக்குள் அடிதடி நடக்கும். குக்கரில் பொருக்கு கிடைக்காது, அதை நினைத்து ஏங்கிப் பிரயோஜனம் இல்லை.

விசில் வருவதற்குள் களி கதை. எங்கள் அக்கா வயசுக்கு வந்தபோது நான் ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ. அத்தைகள், மதினிமார் எல்லாம் ஆளுக்கொரு தூக்குவாளியோடு வருவார்கள். தூக்குவாளியைத் திறந்தால் உளுந்தங்களி, உடன்குடிக் கருப்பட்டிப் பாகு விட்டுக் கிண்டியது, நடுவில் குழி செய்து நல்லெண்ணெய் ஊற்றியிருப்பார்கள். காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டை, அதைக் குடித்த ஓட்டிலேயே அளந்து நல்லெண்ணெய். அக்காவை ஓலைத்தடுக்குக்குப் பின்னால் உட்காரவைத்துக் கதற கதறக் கொடுப்பார்கள். அவளுக்கு அந்த எண்ணெய் மணமே ஆகாது. "தின்னுட்டி, நாளைக்குப் பிள்ளை பெறணும்லா" என்று ஆச்சி அதட்டுவாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பிள்ளையிடம் சொல்கிற பேச்சா அது? அப்போது யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. பெரியவர்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் அக்கா களியைத் தட்டோடு தடுக்குக்கு அடியில் என் பக்கம் தள்ளிவிடுவாள். அக்காவுக்கு வந்த களியில் முக்கால்வாசி என் வயிற்றுக்குள்தான் போனது. என் இடுப்பு ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

இன்றைக்கும் அக்கா உளுந்து என்றால் இட்லி, வடை தவிர வேறு எதையும் தொடமாட்டாள். நான் கேட்டால், "எனக்கு அதோட ருசி தெரியாதுடா, அவங்க சொன்ன காரணம்தான் ஞாபகம் வருது" என்பாள். நான் முதலில் சொன்ன ஆற்றாமை எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

விசில் முடிந்துவிட்டது, ஆவி அடங்கட்டும். அதற்குள் துவையல்.

கறுப்பு எள் 4 மேசைக்கரண்டி. எள்ளில் மணல் இருக்கும், தண்ணீரில் போட்டு மேலே மேலே அரித்து எடுங்கள், அடியில் தங்குகிறதைக் கொட்டிவிடுங்கள். வடிகட்டி ஈரத்தோடு வாணலியில் போட்டாலும் பரவாயில்லை, காய்ந்து பிறகு வெடிக்க ஆரம்பிக்கும். படபடவென்று தெறிக்கும், மூடியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெடிப்பு ஓயத் தொடங்கியதுமே இறக்கிவிட வேண்டும், அங்கே அரை நிமிடம் அசந்தால் கசந்துவிடும். அதே சூட்டில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மிளகாய் வத்தல் ஆறு, குண்டு வத்தல் கிடைத்தால் நல்லது, பூண்டு மூன்று பல், கொட்டைப்பாக்கு அளவு புளி, கால் மூடித் தேங்காய், எல்லாவற்றையும் ஒரு பிரட்டு. முதலில் எள்ளும் வத்தலும் உப்பும் தண்ணீர் விடாமல் ஒரு சுற்று, அப்புறம் மற்றது. மிக்சி சத்தம் வரும், காதைப் பொத்திக்கொள்ளுங்கள்... ஆயிற்று. பாருங்கள், உருட்டினால் உருளுகிற பதம். நைசாக அரைக்காதீர்கள், எள் ஒன்றிரண்டாகப் பல்லில் அகப்பட வேண்டும். தண்ணீர் ரொம்ப விட்டால் அது துவையல் இல்லை, சட்னி.

குக்கரைத் திறக்கிறேன். பூண்டு கரைந்து பாதி காணாமல் போயிருக்கும், மீதி வெண்ணெய் மாதிரி கிடக்கும். கரண்டிக் காம்பால் ஒரு கிளறு. தட்டில் சூடாக வைத்து, நடுவில் குழி, குழியில் நல்லெண்ணெய். நெய் வேண்டாமா என்று கேட்பீர்கள், வேண்டாம். செக்கில் எள்ளை ஆட்டும்போது கருப்பட்டி போட்டு ஆட்டுவார்கள் இல்லையா, அந்த எண்ணெயில் ஒரு மெல்லிய இனிப்பு இருக்கும், வறுத்த உளுந்துக்கு அதுதான் ஜோடி. எங்கள் வீட்டில் சைவ நாளில் அவியலும் இந்தத் துவையலும். ஞாயிற்றுக்கிழமை என்றால் நாட்டுக்கோழிக் குழம்பு. கோழிக்குழம்பு இருந்தாலும் துவையல் உண்டு, அதில் சமரசம் இல்லை.

ஆறினால் சோறு இறுகும். இரவுக்கு மிச்சம் இருந்தால் கொதிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் தெளித்துக் கிளறிக்கொள்ளுங்கள், பழையபடி இளகிவிடும்.

மஞ்சள்தூள் போடுகிற வீடுகள் உண்டு, சுக்கு தட்டிப் போடுகிறவர்கள் உண்டு, தேங்காயைத் துருவாமல் பல்லுப் பல்லாகக் கீறிப் போடுகிறவர்களும் உண்டு. கோவில்பட்டிக்காரர்கள், நாசரேத்துக்காரர்கள், தென்காசிக்காரர்கள், உங்கள் வீட்டில் எப்படி என்று கீழே எழுதுங்கள், அடுத்த சனிக்கிழமை அதில் ஒன்றைச் செய்துபார்க்கிறேன். தேங்காய் கீறிப் போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு கேள்வி: அது குக்கரில் வேகுமா, இல்லை கடைசியில்தான் போட வேண்டுமா?