நீர்க்கரை அருங்காட்சியகத்துக்கு வாசல் எங்கே இருக்க வேண்டும்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நீர்க்கரையில் அருங்காட்சியகம் கட்டும்போது, பொதுமக்கள் தயங்காமல் உள்ளே வருவதற்கு வாசலை எப்படி அமைக்க வேண்டும்?" இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. வாசலில் தொடங்கினால் இதற்கு விடை கிடைக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது தெரிந்திருக்கும்: சீட்டு வாங்காதவர் எதுவரை வரலாம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், வாசலைப் பிறகு வரையலாம். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் 2011-இல் திறந்த மாஸ் அருங்காட்சியகத்தைப் பற்றி முன்பே பேசியிருக்கிறேன். 60 மீட்டர் உயரமுள்ள அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடி வரைக்கும், காட்சிக்கூடங்களைச் சுற்றிச் செல்லும் நகரும் படிகளில், காசு கொடுக்காமலே யாரும் ஏறிப் போகலாம்.

இன்றைக்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரை எடுத்துக்கொள்வோம். அங்கே துறைமுகத்தின் விளிம்பில், டில்லர் ஸ்கோஃபிடியோ ரென்ஃப்ரோ நிறுவனத்தார் வடிவமைத்த தற்காலக் கலைக்கூடம், ஐ.சி.ஏ., 2006-இல் திறக்கப்பட்டது. மனையோ சிறியது, கரையோரமாகச் செல்லும் ஹார்பர்வாக் என்ற பொது நடைபாதையை மறிக்கவும் கூடாது, காட்சிக்கூடங்கள் எல்லாம் ஒரே தளத்தில் வேண்டும் என்பது கலைக்கூடத்தாரின் விருப்பம். ஆகவே காட்சிக்கூடங்களை உச்சித் தளத்துக்கு ஏற்றி, அடியில் தூண் ஏதும் இல்லாமல், நடைபாதைக்கு மேலே தண்ணீரை நோக்கிச் சுமார் 80 அடி நீட்டிவிட்டார்கள். அந்த நிழலுக்குக் கீழே நடைபாதையின் மரப்பலகைகளே படிப்படியாக உயர்ந்து, துறைமுகத்தைப் பார்த்து உட்காரும் இருக்கைகளாகின்றன. அதே மரம் உள்ளே நுழைந்து அரங்கின் மேடையாகவும் தொடர்கிறது. நம் படித்துறையைப் போல, அங்கே வந்து உட்காருகிறவரிடம் எதற்கு வந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. வியாழக்கிழமை மாலைகளில் காட்சிக்கூடங்களுக்கும் கட்டணம் இல்லை என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் எனக்கு அந்தப் படிகள்தான் பெரிது.

நேயர் கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருக்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: கரை யாருடையது? பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடல்நீர் ஏறி இறங்கும் நிலம் தனியாருக்குச் சொந்தமாக இருந்தாலும், அதில் மீன் பிடிக்கவும் படகு செலுத்தவும் பொதுமக்களுக்கு உள்ள உரிமை 1640-களின் குடியேற்றக் காலச் சட்டங்களிலிருந்தே தொடர்கிறது. 1866-இல் தொடங்கிய நீர்க்கரைச் சட்டத்தின்படி, அத்தகைய நிலத்திலும் அதை மேடாக்கிய இடத்திலும் கட்டுவதற்கு உரிமம் வேண்டும். அந்த உரிமத்தோடுதான் பொதுமக்களுக்கு வழிவிடும் நிபந்தனையும் வருகிறது. கட்டடக் கலைஞரின் தாராள மனத்தை மட்டும் நம்பியிருந்தால், செலவைக் குறைக்கும் முதல் கூட்டத்திலேயே இத்தகைய படிகள் காணாமல் போயிருக்கும் என்பது என் கருத்து. ஆகையால் உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்தால், அதன் நடைபாதை உரிமத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, வரைபடத்தில் மட்டும் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.