லிவர்பூல் கப்பலையும் கணக்கில் சேருங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'17, 18ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டனை வளர்த்தது சொந்த அறிவும் உழைப்புமா, பேரரசும் அடிமை வணிகமுமா?' இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் விஞ்ஞானி நியூட்டனையும் தத்துவ அறிஞர் ஜான் லாக்கையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். அடிமை வணிகத்தில் கிடைத்த லாபம் நாட்டு வருமானத்தில் சிறு பங்குதான் என்றும் சொன்னார்.

சரி, அந்த இருவரிடமிருந்தே தொடங்குகிறேன். மனிதனின் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய லாக், ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் பங்குதாரர். 1672இல் அரச சாசனம் பெற்று ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக வாங்கி விற்ற கம்பெனி அது. அதன் தலைவர் மன்னரின் தம்பி. நியூட்டன் பணம் போட்டது தென்கடல் கம்பெனியில். 1713இல் ஸ்பெயினோடு செய்த உடன்படிக்கையால், ஸ்பானிய அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 4,800 பேர் வீதம் 30 ஆண்டுகளுக்கு அடிமைகளை அனுப்பும் உரிமை இந்தக் கம்பெனிக்கு வந்தது. பிரிட்டிஷ் அரசின் கடனில் பெரும்பகுதி இதன் பங்குகளாகவே மாறியது. இவர்களுடைய அறிவை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த அறிவாளிகளின் சேமிப்பு எந்தக் கப்பலில் ஏறியிருந்தது என்று பாருங்கள் என்கிறேன்.

அப்புறம் அந்த லாபக் கணக்கு. ஒரு கல்யாணத்தால் ஊரில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதை மொய் நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா? லிவர்பூல் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்ப வேண்டுமென்றால் பர்மிங்காமில் துப்பாக்கி செய்ய வேண்டும், பிரிஸ்டலில் பித்தளை உருக்க வேண்டும், மான்செஸ்டரில் துணி நெய்ய வேண்டும். போட்ட பணம் கைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகும். அதுவரை கடன் கொடுக்க ஆள் வேண்டும், கப்பலுக்குக் காப்பீடு வேண்டும். அந்தச் சரக்கைக் கொடுத்து வாங்கிய மனிதர்களைக் கரீபியன் தீவுகளில் விற்றுவிட்டு, திரும்பி வரும்போது கொண்டுவரும் சர்க்கரையைச் சுத்திகரிக்க ஆலை வேண்டும். பிரிட்டிஷ் கப்பல்கள் இப்படி ஏற்றிச் சென்ற ஆப்பிரிக்கர்கள் 30 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பல லட்சம் பேர் கரை சேரவே இல்லை.

காப்பீடு என்றேன். அதைச் சொல்லாமல் என்னால் கடந்து போக முடியவில்லை. 1781 நவம்பர் இறுதியில் சோங் என்ற அடிமைக் கப்பல் ஜமைக்காவைத் தவறவிட்டு அலைந்தது. குடிநீர் போதாது என்று சொல்லி, கப்பலாட்கள் 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் தள்ளினார்கள். முதல் நாள் பெண்களையும் குழந்தைகளையும், பிறகு ஆண்களை. நோயில் இறந்தால் காப்பீட்டுப் பணம் கிடையாது. மற்ற 'சரக்கை'க் காப்பாற்ற ஒரு பகுதியைக் கடலில் எறிய நேர்ந்தால் பணம் உண்டு. லிவர்பூல் உரிமையாளர்கள் தலைக்கு 30 பவுண்டு கேட்டார்கள். 1783இல் லண்டன் ஜூரி அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. காப்பீட்டாளர்கள் மேலே போய் மறுவிசாரணைக்கு உத்தரவு வாங்கினார்கள். அப்போதும் பேச்சு பணத்தைப் பற்றித்தான். கொலைக்காக ஒருவர்கூடக் கூண்டில் ஏறவில்லை. எதிரணி பெருமையோடு சொன்ன வணிக அறிவு, மனிதர்களைச் சரக்காக எண்ணிக் கணக்குப் போடப் பழகிய அறிவு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

நடுவர் அவர்களே, இந்தக் கதையில் நம் கரையின் நூலும் ஓடுகிறது. சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணி லண்டன் போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். நெய்தவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. 1721இல் வந்த சட்டம், இந்தியாவின் அச்சடித்த துணிகளை பிரிட்டனில் உடுத்தக் கூடாது என்றது. வெளிநாட்டுக்கு அனுப்பத் தடையில்லை. அந்தத் தடை கொடுத்த பாதுகாப்பில்தான் மான்செஸ்டரைச் சுற்றிய லங்காஷயர் பகுதியின் நெசவு தலையெடுத்தது. நம் துணியைப் பார்த்து நெய்து, அதையே ஆப்பிரிக்கச் சந்தைக்கும் அனுப்பியது.

மான்செஸ்டர் தறியில் உழைப்பு இருந்தது என்று எதிரணி சொல்வதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தறி யாரைப் பார்த்து நெய்யப் பழகியது, நெய்த துணி எதற்கு விலையானது என்பதையும் சேர்த்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.