ஒரு நாளுக்கு 28½ மணி நேரமா? லண்டன் பயணத்தின் முதல் நாளில் நடக்கும் விசித்திரம்!

(காட்சி: ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள். காலை வெயில்.)

வணக்கம். ஜூன் மாதத்துச் சென்னையில் வெயில் எப்போது இறங்கும் என்று காத்துக்கொண்டிருக்கும் ஆளா நீங்கள்? அதே ஜூனில் லண்டனுக்குச் சுற்றுலா டிக்கெட்டும் எடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு ஒரு செய்தி. கிளம்புகிற அன்று சூரியன் உங்களை 20 மணி நேரம் விடப்போவதில்லை. அந்தத் தேதிக்கு 24 மணி நேரமும் இல்லை. 28 மணி 30 நிமிடம். கணக்குக் கீழே வருகிறது, ஓடிவிடாதீர்கள்.

முதலில் பாஸ்போர்ட், விசா, பயணக் காப்பீடு, பெட்டி எடை. இவற்றுக்கெல்லாம் ஏற்கெனவே ஆயிரம் வீடியோக்கள் இருக்கின்றன. விசா இல்லாமல் கிளம்பாதீர்கள். இந்தப் பகுதி முடிந்தது.

(காட்சி: விம்கோ நகர் மெட்ரோ நிலையம், இரவு.)

வடசென்னைக்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டது. அதிலிருந்து திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை ஆட்கள் எங்கேயும் மாறாமல் விமான நிலையத்திலேயே போய் இறங்கலாம். ஆனால் ஐரோப்பா விமானம் விடியற்காலையில் கிளம்பும், மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள், மெட்ரோவோ இரவு பதினொரு மணிவாக்கில் படுத்துவிடும். ஆகவே கடைசி ரயிலைப் பிடித்துப்போய் அங்கே கொட்டாவி விடுங்கள். அல்லது நள்ளிரவில் டாக்ஸி பிடித்து, எண்ணூர் விரைவுச்சாலையின் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு போங்கள். என் வாக்கு மெட்ரோவுக்குத்தான். வழியனுப்ப வரும் பெரியம்மா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா எல்லாருக்கும் அதுதான் மலிவு.

சரி, இப்போது நான் ஆசையாகக் காத்திருந்த இடம்.

(காட்சி: உலக வரைபடம். சென்னையிலிருந்து லண்டனுக்கு ஒரு வளைகோடு.)

விமானம் காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறது, எங்கும் நிற்காமல் பத்தரை மணி நேரம் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் அப்போது மாலை நான்கு. லண்டனில் காலை பதினொன்றரைதான்! கோடைக்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். நம் நள்ளிரவில் தொடங்கிய தேதி, அவர்களுடைய நள்ளிரவில்தான் முடிகிறது. 24 கூட்டல் நாலரை. குளிர்காலத்தில் போனால் வித்தியாசம் ஐந்தரை. அன்றைய நாளும் 29½ மணி நேரமாக நீளும்.

வெயில் கணக்கு இதைவிடச் சுவையானது. ஜூன் கடைசியில் சென்னையில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ ஐந்தே முக்காலுக்கு. லண்டனில் மறைவது இரவு ஒன்பது இருபதுக்கு, அதாவது நம் நேரப்படி மறுநாள் அதிகாலை ஒன்று ஐம்பதுக்கு. இரண்டுக்கும் நடுவே 20 மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல். கத்திரி வெயிலுக்குக்கூட இந்தப் பிடிவாதம் கிடையாது.

சூரியன் ஏன் இப்படி வால் பிடித்து வருகிறது? திருவொற்றியூர்த் திருவிழா ராட்டினத்தை நினைத்துப் பாருங்கள். விளிம்புக் குதிரையில் உட்கார்ந்தவன் காற்றில் பறக்கிறான். நடுக் கம்பத்தை ஒட்டி நிற்பவன் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறான். பூமியும் அப்படியே. நிலநடுக்கோட்டில் தரை மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கி ஓடுகிறது. சென்னையில் 1,630 அளவில். லண்டன் நம்மைவிட வட துருவத்துக்குக் கிட்டே இருப்பதால் அங்கே 1,040 மட்டுமே. உங்கள் விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் வாக்கில். வடமேற்காகப் போகப் போக, பூமியின் சுழற்சிக்கு விமானம் ஏறக்குறைய ஈடுகொடுக்கிறது. லண்டன் இருக்கும் அட்சரேகையில் நேர் மேற்காகப் பறந்தால் சன்னலுக்கு வெளியே சூரியன் அநேகமாக அசையாது.

இதையும் மிஞ்சிய ஒன்று இருந்தது: கான்கார்டு விமானம். ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம். குளிர்காலத்தில் லண்டனில் இருட்டிய பிறகு நியூயார்க்குக்குக் கிளம்பினால், அஸ்தமித்த சூரியன் மேற்கில் மறுபடி எழும். மேற்கில் சூரியோதயம்! சூரியன் மேற்கில் உதித்தாலும் நான் மாறமாட்டேன் என்று சபதம் போட்டவர்கள் 2003க்கு முன்பு அந்த விமானத்தில் ஏறாமல் தப்பித்தார்கள். அந்த ஆண்டோடு அதன் சேவை நின்றுவிட்டது. (கேமராவுக்குப் பின்னால் தம்பி சிரிக்கிறான். வேலையைப் பார்.)

இந்த நேரக் கணக்கில் ராயபுரத்துக்கும் பங்கு உண்டு. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது இதோ, எனக்குப் பின்னால் தெரியும் நிலையத்திலிருந்து. அப்போது ஊருக்கு ஊர் வேறு நேரம். ரயில் அட்டவணை போட வேண்டுமென்றால் எல்லா ஊருக்கும் ஒரே கடிகாரம் வேண்டும். இந்திய ரயில்வே கடைசியில் எடுத்துக்கொண்டது நம் மெட்ராஸ் நேரத்தை. நுங்கம்பாக்கம் வான் ஆய்வகத்தில் கணித்த நேரம் அது: லண்டனின் கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னே. 1906 ஜனவரி முதல் நாள் ஐந்தரை மணி நேரக் கணக்கு வந்தது. அதில் சென்னைக்கு ஒன்பது நிமிடம் போலக் கூடிவிட்டது. நாடே நம் கடிகாரத்தைப் பார்த்து ரயில் ஏறிய காலம் அது. இதைப் பள்ளியில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்னமும் கோபம் உண்டு.

(காட்சி: விமானத்துக்குள் சாப்பாட்டுத் தட்டு.)

விமானச் சாப்பாடு சப்பென்று இருக்கிறதே என்று திட்டாதவர் உண்டா? சமையல்காரரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்கு உரியது. ஊட்டி ஏறத்தாழ 7,350 அடி. ஆக, பத்தரை மணி நேரம் நீங்கள் ஊட்டியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், குளுமையும் இல்லாமல், பூங்காவும் இல்லாமல். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. துவைத்த சட்டை காயாத காசிமேட்டில் வளர்ந்த மூக்கு இதற்குத் திண்டாடிப் போகும். மூக்கு காய்ந்தால் மணம் போச்சு. மணம் போனால் ருசியில் பாதி போச்சு. தண்ணீரும் அந்த அழுத்தத்தில் 92 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அங்கே தேநீரில் சாறு இறங்காததற்கு அதுதான் காரணம்.

லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது: தரையில் யாரும் சீண்டாத தக்காளிச் சாற்றை ஆகாயத்தில் ஏன் எல்லாரும் கேட்டு வாங்குகிறார்கள்? ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வு நிலையத்தில், பறக்கும் விமானத்தின் அழுத்தத்தையும் இரைச்சலையும் உண்டாக்கி ஆட்களைச் சாப்பிட வைத்துப் பார்த்தார்கள். உப்பும் இனிப்பும் நன்றாக மங்கிவிட்டன. தக்காளி, காளான், சோயா, உலர்ந்த மீன் போன்றவற்றில் இருக்கும் ஐந்தாவது சுவையான உமாமி மட்டும் தாக்குப்பிடித்தது.

உலர்ந்த மீன் என்றால் கருவாடு! அறிவியல்படி பார்த்தால் ஆகாயத்துக்கு ஏற்ற சாப்பாடு காசிமேட்டுக் கருவாட்டுத் தொக்குதான். பக்கத்து இருக்கைக்காரர் அவசரக் கதவைத் திறக்கப் பார்ப்பார் என்பது ஒன்றுதான் சிக்கல். எனவே என் சிபாரிசு, மிளகு தூக்கலாகப் போட்ட தக்காளி ரசம். விமான நிறுவனங்கள் இதை ஏன் ஒரு கோப்பையில் ஊற்றித் தருவதில்லை? வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் கொண்டுபோகவும் வழியில்லை. 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவத்தைப் பாதுகாப்புச் சோதனையில் விடமாட்டார்கள். ரசத்துக்கு ஆதரவு தருபவர்கள் கீழே கையெழுத்துப் போடுங்கள்.

தண்ணீர் குடியுங்கள், அவ்வப்போது எழுந்து நடங்கள். கால் மரத்துப்போவதோடு போகாது, ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு.

(காட்சி: லண்டன் பூங்கா, மாலை வெளிச்சம்.)

இறங்கியாயிற்று. மாலை ஏழரைக்குக் கண் சொருகும், ஏனென்றால் உடம்புக்குள் அப்போது சென்னை நள்ளிரவு. ‘ஐந்து நிமிடம் சாய்கிறேன்’ என்று கட்டிலில் உட்கார்ந்தால் அதிகாலை மூன்று மணிக்கு விழித்து, இட்லி எங்கே கிடைக்கும் என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அறைக்குள் போகாதீர்கள், வெளியே நடங்கள். மாலை வெளிச்சம் உடலின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். நமக்கு வேண்டியதும் அதுவே. பெரும்பாலோருக்கு உள்கடிகாரம் 24 மணிக்குச் சற்று மேல் ஓடுவதால், நாளை நீட்டுவது அதற்கு இஷ்டம், சுருக்குவதுதான் கஷ்டம். முதல் நாளுக்குப் பெரிய திட்டம் எதுவும் போடாதீர்கள். அருங்காட்சியக டிக்கெட்டை மறுநாளுக்கு வாங்குங்கள்.

திரும்பி வரும்போது தேதி 19½ மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அது ஏன் உடம்பைப் போட்டுப் புரட்டுகிறது என்பது அடுத்த வீடியோவில். கருவாடா, ரசமா என்று கருத்துப் பெட்டியில் சொல்லிவிட்டுப் போங்கள்.