தீவுக்கு வயசு கம்மி, ஓணானுக்கு வயசு கூட

வணக்கம் மக்களே, பாபநாசத்துல ஆத்துக்குள்ள கால விட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், மீனு வேற கடிக்கு, தண்ணி சத்தம் மைக்ல வந்தா பொறுத்துக்கிடுங்க. முதல்ல இந்தக் கல்லைப் பாருங்க, கேமரா பக்கத்துல காட்டுதேன், கோழி முட்டை கணக்கா வழுவழுன்னு இருக்கா, ஒரு மூலை கிடையாது. மனசுல வச்சுக்கோங்க, பொறவு வாரேன்.

ஈக்வடார்ல இருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி கலாபகோஸ் தீவுக இருக்குல்லா, அங்க இகுவானான்னு ஒண்ணு, நம்ம ஓணானை உடும்பு சைஸுக்கு ஆக்குனா எப்படி இருக்கும், அப்படி. அதுல ஒரு கூட்டம் தரையில கள்ளி தின்னுட்டு கெடக்கு, இன்னொண்ணு கடலுக்குள்ள முங்கிப் பாசி மேயுது, உள்ள போன உப்பை மூக்கு வழியா தும்மித் தும்மியே மண்டையில திருநீறு அப்புன மாதிரி வெள்ளையா நிக்கும். ரெண்டும் ஒரே வம்சம்தான். எப்போ பாகம் பிரிஞ்சுது?

அதுக்குத்தான் டிஎன்ஏ. ஏடு பாத்து ஏடு எழுதுனா தப்பு விழும்லா, அந்தத் தப்பு அடுத்த ஏட்டுலயும் ஏறும், உ.வே.சா. நம்ம திருநெல்வேலி பக்கம்லாம் அலைஞ்சு ஏடு சேத்து ஒப்பிட்டுப் பாத்தாரே, கிட்டத்தட்ட அதே வேலைதான், ஒரே தப்பு ரெண்டுலயும் இருந்தா ரெண்டுக்கும் மூலம் ஒண்ணு, வித்தியாசம் கூடக் கூட பிரிஞ்ச காலமும் கூட. அப்படி எண்ணி 2015ல சொன்ன கணக்கு சுமார் 45 லட்சம் வருஷம்.

இங்கதான் இடிக்கு. இப்ப தண்ணிக்கு மேல நிக்கிற தீவுல மூத்ததுக்கே அவ்வளவு வயசு கிடையாது. வீடு கட்டி 30 வருஷம், அதே வீட்டுல பொறந்தவனுக்கு 40 வயசுன்னா எப்படிய்யா?

இப்ப கல்லுக்கு வாரேன். தீவுகளுக்குக் கிழக்க, கடலுக்கடியில இருக்க மலையில இருந்து வாரி எடுத்தப்போ இதே மாதிரி உருண்ட கல்லு வந்துச்சு, 1992ல ஆய்வா வெளிவந்துச்சு. அவ்வளவு ஆழத்துல கெடக்குற கல்லு தானா உருளாது, அலை அடிச்சு அடிச்சுதான் உருளும், அப்ப அது ஒரு காலத்துல கரை! எரிமலை ஒரே இடத்துல நின்னு கக்குது, மேல இருக்க தரை கிழக்க நகந்துக்கிட்டே போகுது, பழைய தீவு ஆறி அமுங்கி முங்கிருது, இதுக நீந்தியோ மெதந்தோ அடுத்த தீவுக்குக் குடி மாறிருக்கு. எனக்கு டிஎன்ஏவை விட இந்தக் கல்லுதான் பிடிச்சிருக்கு, சொன்னா சிரிப்பிய.

இன்னொண்ணு, தெற்கு பிளாசாங்கிற தீவுல இந்த ரெண்டு கூட்டமும் இன்னும் எப்பவாவது சேந்துக்கிடுது, அதுல வர்ற கலப்புக் குஞ்சு கூரு நகத்தை வச்சு கள்ளி மேலயே ஏறி மேயும், தரைக்காரனால அது முடியாது. 45 லட்சம் வருஷப் பங்காளிக பாத்துக்கிடுங்க... ஆ, ஏல, விடுல! சரி மக்களே, மீனு விடமாட்டேங்கு, காலை எடுத்துக்கிடுதேன்.