டேர் எங்கே, டேன் எங்கே? ஜெர்மன் மொழியின் முதல் வேற்றுமை

நேயர்களுக்கு வணக்கம். வேற்றுமை எட்டு என்று பள்ளியில் படித்த நமக்கு ஜெர்மன் மொழியின் நாலு வேற்றுமை மலைப்பாக இருக்க வேண்டியதில்லை. முதலாவது நோமினாட்டீவ். நம் எழுவாய் செய்கிற வேலைதான்.

ஆனால் அடையாளம் வேறு இடத்தில் இருக்கிறது. நமக்கு 'நாய்' எழுவாய், 'நாயை' செயப்படுபொருள். உருபு பெயரின் வாலில் ஒட்டும். ஜெர்மனில் பெயர் பெரும்பாலும் அப்படியே நிற்க, அதற்கு முன்னால் வரும் சிறு சொல் மாறும். 'டேர் ஹுண்ட் பைஸ்ட் டேன் மன்': நாய் மனிதனைக் கடிக்கிறது. திருப்பிப் போட்டு 'டேன் மன் பைஸ்ட் டேர் ஹுண்ட்' என்றாலும் கடிப்பது நாய்தான். இங்கே டேர் இருக்கும் இடத்தில் எழுவாய். பேச்சில் அந்த ரகரம் தேய்ந்து 'டேஅ' என்றுதான் கேட்கும், கவனம்.

இந்த மாற்றம் ஆண்பால் ஒருமைக்கு மட்டும். பெண்பால் 'டீ', அலிபால் 'டாஸ்', பன்மைக்கும் 'டீ': இவை இரண்டாம் வேற்றுமையிலும் மாறாது. ஆகவே பால் தெரியாமல் ஒரு சொல்லைக் கற்பது வீண். பாலுக்குப் பொருளில் காரணம் தேடவும் வேண்டாம். சாப்பாட்டு மேசையிலேயே கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி அலி: டேர் லொஃபல், டீ காபல், டாஸ் மெஸர். கரண்டி எங்கே என்று கேட்டால், பதிலில் அதை 'ஏர்', அதாவது 'அவன்' என்றே சொல்ல வேண்டும். அஃறிணை என்று 'எஸ்', அதாவது 'அது' போட்டால் பிழை.

நம்மவர்கள் அதிகம் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 'என்னிடம் ஒரு மேசை இருக்கிறது' என்பதில் மேசை எழுவாய். ஜெர்மனில் 'இஷ் ஹாபெ ஐனன் டிஷ்'. எழுவாய் நான், மேசை இரண்டாம் வேற்றுமை. தமிழ் நினைப்பில் 'ஐன் டிஷ்' என்று சொல்லிவிடுகிறோம். அதைத் திருத்திக்கொண்டவர் அடுத்து 'டாஸ் இஸ்ட் ஐனன் டிஷ்' என்பார். அதுவும் தப்பு. சைன் (இருத்தல்), வேர்டன் (ஆகுதல்), ப்ளைபன் (அப்படியே நீடித்தல்), ஹைசன் (பெயர் கொண்டிருத்தல்) ஆகிய வினைகளுக்கு இருபுறமும் முதல் வேற்றுமையே: 'டாஸ் இஸ்ட் ஐன் டிஷ்'. 'இது ஒரு மேசை' என்பதில் நாமும் உருபு சேர்ப்பதில்லையே.

சில இடத்தில் தமிழே கைகொடுக்கும். 'எனக்கு அந்தப் படம் பிடித்திருக்கிறது': 'மியர் கெஃபெல்ட் டேர் ஃபில்ம்'. இரண்டிலும் நான் நாலாம் வேற்றுமை, படம்தான் எழுவாய். குளிருக்கும் அதே மியர்தான்: 'மியர் இஸ்ட் கல்ட்'. ஆனால் பசிக்கு 'மியர்' வராது: 'இஷ் ஹாபெ ஹுங்கர்'.