அந்த முக்கால் மணி நேரம்

வணக்கம். மனநல வார்டில் 27 வருடம் சிஸ்டராக இருந்தவள் நான். மாத்திரையை விழுங்கினார்களா, நாக்குக்கு அடியில் ஒளித்தார்களா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் வேலைதான். ஆனால் பேச்சும் சிகிச்சைதான். அதைச் சிஸ்டரும் தரலாம்.

ஒரு அம்மா. கை கழுவிக் கழுவித் தோல் உரிந்து வந்தார். ஒரு சோப்பு இரண்டு நாள் தாங்காது. சைக்காலஜிஸ்ட் திட்டம் போட்டுக் கொடுத்தார்: அசுத்தம் என்று பயப்படுவதைத் தொட வேண்டும், தொட்டபின் கழுவக் கூடாது, பயம் தானாக இறங்கும்வரை இருக்க வேண்டும். சரி, கூட இருப்பது யார்? அவர் வருவது வாரம் ஒருமுறை. கழுவத் தோன்றுவதோ விடிகாலை ஐந்து மணிக்கு. அப்போது அங்கே நைட் டியூட்டி சிஸ்டர்தானே இருக்கிறார்!

கழிவறைத் தாழ்ப்பாளைத் தொட்டார். அந்தக் கையை யாருடைய கையோ போலத் தூக்கிப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்தார். "ஒரே ஒரு தடவை, சிஸ்டர்." நான் சம்மதிக்கவில்லை. "ஒன்றும் ஆகாதும்மா" என்றும் சொல்லவில்லை. இதைக் கவனியுங்கள். அந்தத் தைரியமும் இன்னொரு சோப்புதான். அரை நிமிடம் ஆறுதல், மறுபடி பயம். பத்துக்குப் பயம் எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். ஒன்பது. அப்புறம் எட்டு. மறுபடி ஒன்பது. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், நெற்றியில் விழுந்த முடியை அதே கையால் ஒதுக்கிவிட்டார். ஒதுக்கிய பிறகுதான் கையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

அன்று காலை மேலதிகாரி கேட்டார்: "ரெஜிஸ்டர் எழுதாமல் என்ன அரட்டை?" அரட்டை! இந்தச் சொல்லை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் தெரியுமா?

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ஐசக் மார்க்ஸ் என்ற மனநல மருத்துவர் 1970களிலேயே செவிலியர்களுக்கு இந்தச் சிகிச்சையைக் கற்றுக்கொடுத்தார். அவர்களிடம் வந்த நோயாளிகள் நன்றாகவே தேறினார்கள். அதற்கும் முன்னால், செவிலியருக்கும் நோயாளிக்கும் உள்ள உறவே மருந்தாகும் என்று அமெரிக்காவில் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952இல் எழுதிவிட்டார். அவரும் ஒரு சிஸ்டர்தான்.

பயிற்சியைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், நேரம் இல்லை. சுருக்கமாக: கற்றுக்கொள்ளாமல் இதைச் செய்யக் கூடாது. கற்றபின்பும் மூத்தவர் ஒருவரிடம் அவ்வப்போது காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மனநலச் செவிலியரையும் நிபுணர் வரிசையில் வைத்திருக்கிறது. வார்டில் இந்தச் சிகிச்சைக்கு நேரம் ஒதுக்குவதுதான் பாக்கி. டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி எண் 14416. குறித்துக்கொள்ளுங்கள், விடிகாலை ஐந்து மணிக்கும் எடுப்பார்கள்.